அரை ஹெச்பி மோட்டார் எதுன்னாலும் போதும்னு போட்டுட்டீங்களே!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை இணைப்புல பலகாரம் சுட்ட எண்ணெய்ல பயோடீசல் செய்யறதப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, எண்ணெயத் திருப்பித் திருப்பிச் சுடவெச்சா என்ன ஆகும்ங்கறது, 2018ல இருந்து போலார் காம்பவுண்டு, அதாவது சூட்டுல எண்ணெய் கெடறப்ப உண்டாகற சரக்கு, 25 சதவீதத்தத் தாண்டின எண்ணெய சமையலுக்கு உபயோகிக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டு வந்தது, எல்லாம் வெவரமா வந்திருந்துச்சு. ஆனா கடைசிக்கு முந்தின பத்தில எண்ணெயையும் மெத்தனால்ங்கற எரியற விஷச் சாராயத்தையும் கலக்கறதுக்கு வீட்ல கெடக்கற அரை ஹெச்பி தண்ணி மோட்டார் எதுன்னாலும் போதும்னு ஒரே ஒரு வரி போட்டீங்க பாருங்க, அத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலைங்க. அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், எடம் இல்லைனா வெட்டிக்குங்க, ஆனா மோட்டார் தீப்பொறியப் பத்தி எழுதிருக்கறத மட்டும் வெட்டிறாதீங்க.

நான் கோவை கணபதில 26 வருசமா மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். 1937லயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து கரண்ட் மோட்டார் செஞ்ச ஊருங்க இது, இங்க தடுக்கி விழுந்தா ஒரு பம்பு கம்பெனி மேலதான் விழணும், அப்படி இருந்தும் சரியான பம்பப் பாத்து எடுக்கத் தெரியாம காசையும் கையையும் சுட்டுக்கறவங்க என் கடைக்கு மாசம் ஒருத்தராவது வர்றாங்க. எனக்கு இதுல சொந்த அனுபவமும் உண்டு, எங்க மச்சான் மெஸ் வெச்சிருக்கார், அவரோட மெஸ் எண்ணெய்ல 5 வருசமா நாங்க பயோடீசல் போட்டு, தோட்டத்துல இருக்கற பழைய 5 ஹெச்பி ஆயில் எஞ்சினுக்கும் மெஸ் ஜெனரேட்டருக்கும் ஊத்திக்கறோம். விக்கறதில்ல, புது மாடல் கார்லயும் ஊத்தறதில்ல, அந்த இஞ்செக்டர் போச்சுன்னா அதுக்கு ஆகற செலவுல நாலு ஆயில் எஞ்சின் வாங்கிரலாம்.

உங்க கட்டுரை வந்த மறு வாரமே ஒரு தம்பி ஒரு பம்பத் தூக்கிட்டு வந்தாப்டி. அரை ஹெச்பி செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது, வீட்டு மேல் தொட்டிக்கு தண்ணி ஏத்துவோமே அதேதான். மூணு பேட்ச் போட்டானாம், நாலாவதுல ஒழுக ஆரம்பிச்சு அப்புறம் சுத்தவே இல்லையாம். பெஞ்சுல வெச்சுக் கழட்டினேன். ஷாஃப்ட் வழியா ஒழுகாம அடைக்கற மெக்கானிக்கல் சீல்ல இருக்கற ரப்பர் ஊற வெச்ச கொண்டக்கடலை மாதிரி உப்பிப் போயி, விரல்ல தொட்டா கருப்பா மை ஒட்டுது, ஸ்பிரிங்கு அந்த ரப்பர்ல மாட்டி அசைய முடியாம நிக்குது, கார்பன் முகம் செராமிக் மேல உக்காரவே இல்ல. அந்தச் சந்து வழியா ஒழுகினது நேரா ஷாஃப்டப் புடிச்சுட்டு மோட்டார் முன் பேரிங்குக்குப் போயிருச்சு. பேரிங் கிரீஸ் மொத்தமும் கழுவிட்டுப் போயி பேரிங் பளபளன்னு புதுசு மாதிரி காஞ்சு கெடக்கு, காயில் பக்கம் மோந்து பாத்தா மெத்தனால் வாசம். அந்தத் தம்பி காயில் எரிஞ்சிருச்சான்னு மட்டும்தான் கேட்டாப்டி. எரியலப்பா, எரிஞ்சிருந்தா நீ இங்க வந்து நின்னிருக்க மாட்டேன்னு சொன்னேன், அவனுக்கு அப்பதான் முகம் மாறுச்சு.

சரி, இந்தக் கலக்கற வேலை என்னன்னு பாப்போம். எண்ணெயும் மெத்தனாலும் தானாச் சேராதுங்க, மெத்தனால் லேசு, எண்ணெய் கனம், விட்டா ரெண்டும் தனித்தனியா மேலயும் கீழயும் நின்னுக்கும். காஸ்டிக் சோடா கரைச்ச மெத்தனால் எண்ணெய்க்குள்ள பொடிப்பொடித் துளியா உடைஞ்சு பரவினாத்தான் எண்ணெய் பயோடீசலா மாறும், இல்லைனா பாதி எண்ணெய் பாதி பயோடீசல்னு ஒரு அரைவேக்காடு கெடைக்கும், அது எஞ்சின்ல போயி கரியாப் புடிக்கும். நாங்க போடற ஒரு பேட்ச் 80 லிட்டர் எண்ணெய், 16 லிட்டர் மெத்தனால், 55 டிகிரி சூடு, ஒண்ணேகால் மணி நேரம் சுத்தல். தொட்டிக்கு அடில இருந்து எடுத்து மேல கொண்டு போயி மறுபடி தொட்டிக்குள்ளயே விடறது, அவ்வளவுதான். பம்போட இம்பெல்லர், உள்ள சுத்தற சக்கரம், நிமிசத்துக்கு 2,800 சுத்துக்கு மேல சுத்துதே, அதுக்குள்ள போற ஒவ்வொரு தடவையும் துளி உடையுது, அதனாலதான் துடுப்பு போட்டு கிண்டறத விட பம்பு நல்லா வேலை செய்யும். 96 லிட்டரையும் நிமிசத்துக்கு 30 லிட்டர் வீதம் சுத்தவிட்டா மூணே கால் நிமிசத்துக்கு ஒரு தடவை மொத்தமும் பம்புக்குள்ள போயிட்டு வந்துரும், ஒரு மணி நேரத்துல பதினெட்டு தடவை. இது தாராளம். அதனால பெரிய ஹெச்பி எல்லாம் தேவையே இல்ல, அரை ஹெச்பின்னு நீங்க போட்டதுல அந்த அளவு தப்பில்லைங்க, "எதுன்னாலும்"ங்கற வார்த்தைதான் தப்பு.

ஏன்னா அரை ஹெச்பில ரெண்டு ஜாதி இருக்கு. வெளிய பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணு செல்ஃப் பிரைமிங், அதுல பித்தளை இம்பெல்லர் ஓரத்துல சின்னச் சின்ன பல்லு வெட்டியிருக்கும், இம்பெல்லருக்கும் பாடிக்கும் நடுவுல பேப்பர் மொத்தம்தான் இடைவெளி. ஒரு வறுத்த மிளகாய் விதை, கருவேப்பிலைத் துணுக்கு உள்ள போனாப் போதும், கப்புன்னு புடிச்சுக்கும். இன்னொண்ணு சென்ட்ரிஃபியூகல், விவசாயத்துக்கு ஓட்டறமே அந்த ஜாதியோட சின்ன சைஸு. நாங்க மொதல்ல மாட்டினது செல்ஃப் பிரைமிங்தான், மெஸ்சுல பழசு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, காசு மிச்சம்னு நெனச்சோம். மொத நாளே எண்ணெய் ஏத்தறப்ப ஃப்ளோ எச்சா வருதுன்னு டெலிவரி வால்வ, வெளிய தள்ற பக்கம் இருக்கறத, கொஞ்சம் மூடினேன், நான் காயில் கட்டறவன், எனக்கே தோணலைங்க, கரண்ட் அளக்கற டாங் டெஸ்டர மாட்டிப் பாத்தா ஆம்பியர் கொறையறதுக்குப் பதிலா ஏறுது! சென்ட்ரிஃபியூகல்ல வால்வ மூடினா லோடு கொறையும், செல்ஃப் பிரைமிங்ல நேர் எதிர், மூட மூட லோடு ஏறும். அதுவும் தண்ணிக்கே இப்படின்னா, சமையல் எண்ணெய் தண்ணிய விட பல மடங்கு கெட்டி, அந்தப் பொட்டு இடைவெளில அது போயி உரசறப்ப மோட்டார் என்ன பாடு படும். பத்து நிமிசத்துல மோட்டார் மேல கைய வைக்க முடியல. அன்னிக்கே அதக் கழட்டி வெச்சாச்சு, இப்ப அது மறுபடி மெஸ் தொட்டிக்கு தண்ணி ஏத்திட்டு நல்லபடியா இருக்கு, பாவம் அதுக்குன்னு இருக்கற வேலை அது.

அப்புறம் எடுத்ததுதான் ஒரு இஞ்ச் சென்ட்ரிஃபியூகல். வாங்கறதுக்கு முன்னாடி கடைலயே ஒரு கேள்வி கேட்டேன், இம்பெல்லர் என்னதுன்னு. இப்ப நெறைய பம்புல நோரில்னு ஒரு பிளாஸ்டிக் இம்பெல்லர் போடறாங்க, தண்ணிக்கு அருமையான சரக்கு, துருப் புடிக்காது. ஆனா சூடான மெத்தனாலும் பயோடீசலும் சேந்து போற எடத்துல எனக்கு அது மேல நம்பிக்கை இல்ல, ஒருத்தர் கொண்டுவந்த பம்புல அந்த இம்பெல்லர் விளிம்பு மெலிஞ்சு வளைஞ்சு பாடில உரசி வட்டக்கோடு போட்டிருந்துச்சு, பாத்தவன் நான். வார்ப்பிரும்பு இம்பெல்லர் வார்ப்பிரும்பு பாடி, இதுதான் எனக்குத் தெரிஞ்சு கொறஞ்ச செலவுல நிம்மதி. எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இருந்தா இன்னும் நல்லது, காசு இருக்கறவங்க எடுத்துக்கலாம். அலுமினியம் மட்டும் எந்த எடத்துலயும் கூடவே கூடாதுங்க, பாடி, பிராக்கெட், வால்வு எதுலயும். காஸ்டிக் பட்டா அலுமினியம் கரைஞ்சு ஹைட்ரஜன் கெளம்பும், எரியற சரக்கு பக்கத்துலயே இன்னொரு எரியற வாயு. ஜிஐ பைப்புல இருக்கற துத்தநாகப் பூச்சுக்கும் அதே கதைதான். பித்தளை சுமார், ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகிறாது, ஆனா செம்பு கலந்த எதுலயும் பயோடீசல நாள்கணக்குல தங்க விட்டா சீக்கிரம் கெட்டு பிசினாப் போயிரும்.

வாங்கின பம்ப அப்படியே மாட்டல. ஒரு வாளி சோதனை வெச்சேன், உங்க வாசகர்கள் யாரு வேணா செஞ்சு பாக்கலாம். 15 லிட்டர் வாளி, கையில செல்ஃபோன் ஸ்டாப்வாட்ச். தண்ணி விட்டப்ப 20 செகண்டுல நெறஞ்சுச்சு, அப்ப நிமிசத்துக்கு 45 லிட்டர். அப்புறம் வெறும் எண்ணெய, மெத்தனால் எதுவும் சேக்காம, 55 டிகிரிக்குச் சூடாக்கி விட்டுப் பாத்தா 30 செகண்டு, அதாவது 30 லிட்டர். அதே எண்ணெய் சூடில்லாம காலைல விட்டப்ப 50 செகண்டுக்கு மேல ஆச்சு, மோட்டாரும் முக்குது. ஆக எண்ணெயச் சூடாக்கி முடிக்காம பம்பப் போடக்கூடாதுன்னு அன்னிக்கே சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சோம், மச்சான் இன்னும் அழிக்கல. பம்பு பெட்டில போட்டிருக்கற லிட்டர் கணக்கு எல்லாம் தண்ணிக்குத்தான், எண்ணெய்க்கு இல்ல, இதயும் சொல்லிக்கறேன்.

இன்னொரு வேடிக்கை, வேலை நடக்க நடக்க எண்ணெய் மெலிசாகுதுல்ல, மோட்டார் ஆம்பியர் மெல்ல எறங்கும். எங்களுது ஆரம்பத்துல 1.3 காட்டும், முக்கா மணி நேரத்துல 1.1ல வந்து நின்னுக்கும். அதுக்காக அத மட்டும் நம்பி நிறுத்தறதில்ல, 27 மில்லி மெத்தனால்ல 3 மில்லி சாம்பிள விட்டு ஆட்டிப் பாப்போம், அடில எண்ணெய் முத்து முத்தா நின்னா இன்னும் வேகல, மறுபடி ஓட்டு.

கியர் பம்பு நல்லதுன்னு சில பேரு சொல்லுவாங்க. கெட்டி எண்ணெய டிரம்முல இருந்து தொட்டிக்கு மாத்தறதுக்கு அத மிஞ்சி ஒண்ணும் இல்ல, ஆனா அது மெத்துன்னு தள்ளி விடற பம்பு, உடைச்சுக் கலக்காது. போக டெலிவரி வால்வ மறந்து மூடிட்டீங்கன்னா அது பாட்டுக்கு பிரஷர ஏத்திட்டே போகும், ரிலீஃப் வால்வு இல்லைனா ஹோஸ் பிச்சுக்கும், சூடான எண்ணெய் மூஞ்சில அடிக்கும். காந்தத்துல சுத்தற கெமிக்கல் பம்பு, சீலே கெடையாது அதுல, மெத்தனால் கலவைய மட்டும் அனுப்பறதுக்கு அருமை, ஆறின எண்ணெய்ல போட்டா காந்தம் நழுவி மோட்டார் சும்மா சுத்திட்டிருக்கும். காத்துல ஓடற டயாஃபிரம் பம்பு இருக்கறதுலயே பாதுகாப்பு, பம்புல கரண்டே இல்ல, ஆனா கம்ப்ரசர் வேணும், அத தூரமா வெக்கணும், வெலையும் எச்சு. டிரில் மெசின்ல கம்பி மாட்டி பக்கெட்ல சுத்தறவங்க, சாம்பிளுக்குன்னு வீட்டு மிக்ஸில போட்டு அடிக்கறவங்க, அவங்களுக்கு ஒரு கும்புடு. அந்த ரெண்டு மோட்டார்லயும் கார்பன் பிரஷ் இருக்கு, இருட்டுல ஓட்டிப் பாருங்க, நீலமா பொறி பறக்கறது கண்ணுக்கே தெரியும்.

இப்ப தீப்பொறிக்கு வந்துட்டேன், இதத்தான் வெட்டாதீங்கன்னு சொன்னது. மெத்தனால் 11, 12 டிகிரிலயே பத்திக்கற அளவு ஆவி விடும்ங்க, நம்மூர் மார்கழி விடியக்காலைலயே பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும். 65 டிகிரில கொதிச்சுரும். அந்த ஆவி காத்த விடக் கொஞ்சம் கனம், எழும்பிப் போகாது, தரையோட தங்கும், பம்பு எங்க இருக்குன்னா அதுவும் தரைலதான் இருக்கு. எரிஞ்சா வெயில்ல அந்தத் தீ கண்ணுக்கும் தெரியாது. இந்த எடத்துல வீட்டு மோட்டார வெச்சா என்ன ஆகும்னு ஒரு காயில்காரனாச் சொல்றேன். சிங்கிள் ஃபேஸ்ல கப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கும், ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகறப்பவும் டக்குன்னு சத்தம் கேக்குமே அதுதான், அந்த டக்குல ஒரு பொறி கெளம்பும். சின்ன பம்பு பலதுல கப்பாசிட்டர் எப்பவும் லைன்லயே இருக்கும், அந்த சுவிட்ச் இருக்காது, சரி தப்பிச்சோம்னு நெனச்சா அதுலயும் காயிலோட ஒட்டி ஓவர்லோடு கட் ஆகற ஒரு குட்டி பாகம் இருக்கு, சூடு ஏறினா தொடர்ப வெட்டும், அதுவும் பொறிதான். எப்பச் சூடு ஏறும்? கெட்டி எண்ணெய்ல முக்கறப்ப. அதாவது ஆவி இருக்கற நேரம் பாத்துத்தான் அது வெட்டும்.

அதனால ஃபிளேம் புரூஃப் மோட்டார், த்ரீ ஃபேஸ். உள்ள பொறி வந்தாலும் வெளிய தீ தாண்டாத மாதிரி கனமான பாடி, மூடியோட விளிம்பு அளவெடுத்து மெசின் பண்ணியிருப்பாங்க. த்ரீ ஃபேஸ்ல சுவிட்சும் கெடையாது கப்பாசிட்டரும் கெடையாது. சாதா மோட்டார விட ரெண்டு மடங்குக்கு மேல வெலை, ஆமா. எங்களுக்கும் வலிச்சுச்சு, பெயிண்ட் கம்பெனி ஒண்ணுல கழிச்ச பழசு ஒண்ணு எடுத்து பேரிங் மாத்தி ஓட்டிட்டு இருக்கோம். பழசு வாங்கினா ஒண்ணு பாருங்க, டெர்மினல் பாக்ஸ் மூடில எல்லா போல்ட்டும் இருக்கணும், ஒரு போல்ட் கொறஞ்சாலும் அது ஃபிளேம் புரூஃப் இல்ல, சும்மா கனமான மோட்டார், அவ்வளவுதான். கேபிள் நொழையற எடத்துலயும் அதுக்குன்னு இருக்கற கிளாண்டு போடணும், சாதா ரப்பர் வளையத்த மாட்டி விட்டுட்டு ஃபிளேம் புரூஃப்னு சொல்லிக்கறதுல அர்த்தமே இல்ல. காயில் கட்டக் கொடுத்தாலும் அந்த விளிம்புல உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத ஆளாப் பாத்துக் குடுங்க, எங்க தொழில்லயே நெறைய பேரு துரு எடுக்கறேன்னு தேச்சுக் கெடுத்துர்றாங்க. ஸ்டார்ட்டர், சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் வேலை நடக்கற செட்டுக்கு வெளிய. தொட்டி, பம்பு, மோட்டார், டிரம்மு எல்லாத்துக்கும் எர்த்து.

மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்ல இருக்கற மோனோபிளாக்க விட ரெண்டையும் தனித்தனியா வெச்சு நடுவுல கப்ளிங் போட்டு இணைச்ச பம்பு நல்லதுன்னு நான் சொல்லுவேன், அந்தத் தம்பியோட பம்புல பாத்தோமே, சீல் ஒழுகினா நேரா மோட்டாருக்குள்ள. கப்ளிங்ல நடுவுல ஒரு ஜான் வெளி இருக்கு, ஒழுகினா கீழ தட்டுல சொட்டும், கண்ணுக்குத் தெரியும், நிறுத்திரலாம். சீல் வாங்கறப்ப சும்மா சைஸ் மட்டும் சொல்லாதீங்க, கடைக்காரர் எடுத்துக் குடுக்கறது நைட்ரைல் ரப்பராத்தான் இருக்கும், வைட்டான்னு கெமிக்கல் தாங்கற ரப்பர் ஒண்ணு இருக்கு, அது வேணும்னு கேட்டு வாங்குங்க. வைட்டான்லயே சாதா கிரேடு வெறும் மெத்தனால்ல கொஞ்சம் உப்பத்தான் செய்யும், எண்ணெயோட கலந்து ஒரு மணி நேரம் ஓடறதுக்கு தாங்குது, எங்களுக்கு ஒரு சீல் ஒண்ணரை வருசம் வந்துச்சு. டெஃப்லான் வெச்ச சீல் கெடைச்சா பிரச்சினையே இல்ல.

மாட்டற வெதத்துலயும் பாதி விசயம் இருக்குங்க. பம்பு தொட்டிக்கு கீழ இருக்கணும், தானா வந்து நெறையணும். 55 டிகிரில மெத்தனால் கொதிக்கறதுக்கு சித்த தூரத்துலதான் நிக்குது, சக்‌ஷன் பக்கம் (எண்ணெய இழுக்கற பக்கம்) பைப்பு ஒடுக்கமா இருந்தாலோ நாலு எல்போ போட்டிருந்தாலோ அங்க அழுத்தம் கொறைஞ்சு பம்புக்குள்ளயே கொதிச்சுரும், அப்ப உள்ள கூழாங்கல்லப் போட்டு ஆட்டற மாதிரி சத்தம் கேக்கும், ஃப்ளோ நின்னுரும். எங்களுக்கு ரெண்டாவது பேட்ச்லயே கேட்டுச்சு, பேரிங் போச்சுன்னு நெனச்சு கழட்டப் போனேன், பேரிங் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, முக்கா இஞ்ச் சக்‌ஷன ஒண்ணேகால் இஞ்சா மாத்தி எல்போ ரெண்டு கொறச்சதும் சத்தம் காணாமப் போச்சு. ஃப்ளோ கொறைக்கணும்னா டெலிவரி வால்வத் தொடுங்க, சக்‌ஷன் வால்வ ஓட்டறப்ப தொடவே கூடாது. மெத்தனால் கலவைய சக்‌ஷன் லைன்ல ஒரு சின்ன வால்வு வழியா பத்து நிமிசம் மெதுவா விடறோம், அப்பதான் இம்பெல்லர்ல பட்டு நல்லா உடையுது, கேன் காலியாகறதுக்கு முன்னாடி வால்வ மூடிரணும், இல்லைனா காத்த இழுத்துரும். அதுக்கு முன்னாடியே ஹீட்டர் ஆஃப். தொட்டி மூடில இருந்து ஒரு ஆவிப் பைப்பு செட்டுக்கு வெளிய போகணும்.

பிளம்பரக் கூப்ட்டா அவர் பழக்கத்துக்கு சணலும் ஒயிட் லெட்டும் சுத்துவாரு. எங்களுக்கும் சுத்தினாரு. பயோடீசல் பெயிண்டயே கரைக்கற சரக்குங்க, ஒரே வாரத்துல ஜாயின்ட் எல்லாம் கண்ணீர் விட ஆரம்பிச்சிருச்சு. டெஃப்லான் டேப்புதான் சரி. பிவிசி பைப்பு, சொல்யூசன் ஒட்டறது, அந்தப் பேச்சே வேண்டாம், சூட்டுல தொங்கிப் போயிரும். கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப்பு போதும்.

மெஸ் எண்ணெய்னா பாமாயில்தான், அது டிசம்பர், ஜனவரில காலைல நெய் மாதிரி உறைஞ்சு நிக்கும். வேலை முடிஞ்சு பம்ப வடிக்காம வீட்டுக்குப் போயிட்டா, உள்ள எண்ணெயும், பயோடீசலோட கூடவே உண்டாகி அடில தங்கற கிளிசரினும் சேந்து அல்வா மாதிரி கட்டிக்கும். காலைல வந்து சுவிட்ச் போட்டா மோட்டார் உம்முன்னு நிக்கும், சுத்தாது, அஞ்சு நிமிசம் அப்படியே விட்டீங்கன்னா அப்புறம் என்னட்டத்தான் வரணும். பம்பு பாடிக்கு அடில ஒரு டிரெய்ன் பிளக் இருக்கும், அத ஒவ்வொரு பேட்சுக்கும் தெறந்து விட்டுட்டுப் போங்க. இன்னொண்ணு, கிளிசரின் எடுத்ததுக்கு அப்புறம் பயோடீசலத் தண்ணி ஊத்திக் கழுவறப்ப இதே பம்ப ஓட்டிராதீங்க, சோப்பு கெடக்கும் உள்ள, மத்து போட்டு மோர் கடைஞ்ச மாதிரி ஆயிரும், நாங்க ஒரு தடவை ஓட்டி 80 லிட்டரும் வெள்ளையாத் தயிராட்டம் ஆகி நாலு நாள் தெளியாம நின்னு, மச்சான் என்கூட பேசவே இல்ல. ஷவர் மாதிரி மெல்லத் தண்ணி தெளிச்சு விட்டாப் போதும்.

புங்க எண்ணெய்ல செய்யறேன்னு ஒருத்தர் கேட்டாரு. அதுல புளிப்பு, அதாவது ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், எச்சு, மொதல்ல சல்ஃப்யூரிக் ஆசிட் போட்டு ஒரு சுத்து ஓட்டித்தான் காஸ்டிக் போட முடியும், அந்த ஆசிட் சுத்துக்கு வார்ப்பிரும்பு பம்பு தாங்காது, எஸ்எஸ் இல்லாம அதுல எறங்காதீங்க.

கடைசியா மெத்தனால். உங்க கட்டுரைல கெமிக்கல் கடைல வாங்கிக்கலாம்னு போகிற போக்குல போட்டிருக்கீங்க. ஐயா, தமிழ்நாட்டுல லைசன்ஸ் இல்லாம மெத்தனால் வாங்கறதும் வெச்சிருக்கறதும் குத்தம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபது பேருக்கு மேல செத்தது இந்த மெத்தனால் கலந்த சாராயத்துலதான், அதுக்கு முந்தின வருசம் மரக்காணத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும் செத்தாங்க. குடிச்சாத்தான்னு இல்ல, தோல் வழியாவும் ஆவி வழியாவும் உடம்புக்குள்ள போகும், கண்ணு போயிரும். எங்க மச்சானோட சம்பந்தி தின்னர் யூனிட் வெச்சிருக்கார், அவருக்கு லைசன்ஸ் இருக்கு, ரெஜிஸ்டர் இருக்கு, அவரோட செட்டுலதான் அவர் கண்ணு முன்னாடி பேட்ச் போடறோம், மிச்ச மெத்தனால் ஒரு லிட்டர் கூட வீட்டுக்கு வராது. வீட்ல செய்யலாம்னு நீங்க தலைப்பு போட்டிருந்தீங்க. சாமி ரூம்ல வெளக்கு எரியுது, அடுப்படில கேஸ் எரியுது, மாடிப்படி கீழ பயோடீசல் தொட்டியா? தயவுசெஞ்சு அந்தத் தலைப்ப மட்டுமாவது மாத்திப் போடுங்க.

வர்ற ஞாயிறு இணைப்புல ஒரு சின்னத் திருத்தம் போட்டாப் போதும், வீட்டுத் தண்ணி மோட்டார் கூடாது, வார்ப்பிரும்பு சென்ட்ரிஃபியூகல் பம்பு, வைட்டான் சீல், ஃபிளேம் புரூஃப் மோட்டார், மெத்தனாலுக்கு லைசன்ஸ்னு நாலு வரி. அந்தத் தம்பியோட பம்ப நான் இன்னும் கட்டிக் குடுக்கல, புது சீல் போட்டுத் தரச் சொல்லி தெனமும் ஃபோன் பண்றாப்டி, தண்ணிக்கு மட்டும்தான் ஓட்டுவேன்னு சொன்னாத்தான் தருவேன்னு சொல்லியிருக்கேன். உங்க பேப்பர்ல திருத்தம் வந்துச்சுன்னா அந்தப் பக்கத்தக் கிழிச்சு பம்போட சேத்துக் கட்டிக் குடுத்துருவேன்.

இப்படிக்கு,
காயில் கட்டற கடைக்காரன்,
கணபதி, கோவை - 6.